பச்சையா, சிவப்பா? சங்கிலியை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

 

வழக்கமா இந்தப் பக்கத்துல நாங்க போடுறது வெள்ளிக்கிழமை பூஜை நேரம், அன்னதானத்துக்கு யார் அரிசி தர்றாங்க, கோத்தோங் ரோயோங்குக்கு எத்தனை மணிக்கு வரணும்ங்கிற மாதிரி விஷயங்கள்தான். இன்னைக்கு எழுதுறது கம்ப்யூட்டர் கேமுக்குப் போடுற கிராபிக்ஸ் கார்டு பத்தி. "கோவில் தொண்டர்களுக்கு இதுல என்ன வேலை?"ன்னு பெரியவங்க கேட்பீங்க. கேளுங்க, தப்பில்லை. ஆனா முழுசா படிச்சிட்டுக் கேளுங்க. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கணும்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். ஒரு தகப்பனார் தயங்கித் தயங்கி வந்து நின்னார். தேயிலைத் தோட்டத்துல பல வருஷமா வேலை செய்யறவர். யாரு, எந்தத் தோட்டம்னு சொல்ல மாட்டோம். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கம்ப்யூட்டர் கடையில எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல். ஒரே ஒரு கார்டு, அதோட அதுக்கு ஏத்த மாதிரி மாத்த வேண்டிய சாமான்கள். மொத்தம் நாலாயிரம் வெள்ளிக்கு மேல.

"தம்பிங்களா, இது ஞாயமான விலையா? வீட்டுல சங்கிலியை வச்சா எடுத்துடலாம். ஆனா பையன்கிட்ட ஏற்கனவே ஒரு கார்டு இருக்கு. அது ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஏன் மாத்தணும்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறான்."

பையன் சொல்லாத பதில் எங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அதுதான் எங்களுக்கு வெட்கம்.

எங்க இளைஞர் பிரிவு வாட்சப் குழுவுல ரெண்டு அணி இருக்கு. ஒண்ணு பச்சை, அதாவது என்விடியா கம்பெனியோட ஜிஃபோர்ஸ் கார்டு வச்சிருக்கிறவங்க. இன்னொண்ணு சிவப்பு, ஏ.எம்.டி. கம்பெனியோட ரேடியான் கார்டுக்காரங்க. இந்தத் தம்பி விடுமுறை நாள்ல காய்கறித் தோட்டத்துல வேலை செஞ்சு, சொந்தக் காசுல ஒரு பழைய ரேடியான் கார்டு வாங்கினான். சந்தோஷமா படம் எடுத்துக் குழுவுல போட்டான். அதுக்கு வந்த பதில் என்ன தெரியுமா? "காசு இல்லாதவன் கார்டு", "அடுத்த வாரம் கருகிடும்", அப்புறம் வரிசையா சிரிப்புப் பொம்மைகள். அந்தச் சிரிப்புப் பொம்மை போட்டவங்கள்ல எங்க தொண்டர்களும் ரெண்டு மூணு பேர் உண்டு. அண்ணன்மாரா இருந்து தட்டிக் கேட்க வேண்டிய நாங்களே சிரிச்சோம். தம்பி குழுவை விட்டு வெளியே போனான். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் அன்னதான வேலைக்கும் வரலை. நாங்க கவனிக்கவே இல்லை. அவன் அப்பா அந்தத் தாளோட வந்து நின்னப்பதான் உறைச்சது.

அதனாலதான் இந்தப் பதிவு. எங்க கருத்தை முதல்லயே சொல்லிடறோம். கிராபிக்ஸ் கார்டு வாங்குறதுல கம்பெனி பேரு கடைசியா பார்க்க வேண்டிய விஷயம். முதல்ல பார்க்க வேண்டியது வீட்டுல இருக்கிற திரை, பிள்ளை செய்யப் போற வேலை, கையில இருக்கிற பணம். இந்த வரிசையை மாத்தினா அம்மா கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும்.

முதல்ல பெற்றோர்களுக்காக ஒரு விளக்கம். கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற மூளை ஒண்ணு இருக்கு. அது பிராசசர். திரையில தெரியுற படத்தை வரையறதுக்குன்னே தனியா இன்னொரு மூளை வேணும். கேம்ல ஒரு ஆள் ஓடுறான், வெயில் அடிக்குது, தண்ணி அலையடிக்குது. இதையெல்லாம் ஒரு வினாடிக்கு அறுபது தடவை, நூறு தடவை புதுசு புதுசா வரையணும். அந்த வேலையைச் செய்யறதுதான் கிராபிக்ஸ் கார்டு. கேமிங் கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் விலை அதிகமான பாகம் அதுதான். பிள்ளைங்க அதைப் பத்தியே பேசுறதுக்குக் காரணமும் அதுதான்.

இப்போ இந்தக் கம்பெனிகளோட கதை. என்விடியாவை 1993-ல ஜென்சன் ஹுவாங்கும் ரெண்டு நண்பர்களும் அமெரிக்காவுல தொடங்கினாங்க. சிவப்பு அணியோட ரேடியான் முதல்ல ஏ.எம்.டி.யோடது இல்லை. 1985-ல கனடாவுல தொடங்கின ஏ.டி.ஐ. என்கிற கம்பெனியோட கார்டு அது. 2006-ல ஏ.எம்.டி. அந்தக் கம்பெனியை 540 கோடி டாலருக்கு வாங்கியது. இன்டெல் 2022-ல ஆர்க் என்கிற பேருல மூணாவது ஆளா சந்தைக்கு வந்தது. தொண்ணூறுகள்ல 3டிஎஃப்எக்ஸ் என்கிற கம்பெனியோட வூடூ கார்டுக்கும் இதே மாதிரி உயிரை விடுற ரசிகர்கள் இருந்தாங்க. 2000-ல அது தோத்துப்போய், அதோட சொத்துக்களை என்விடியாவே வாங்கிடுச்சு. இன்னைக்கு அந்தப் பேரைச் சொன்னா நம்ம தம்பிங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங்கும், 2014-லிருந்து ஏ.எம்.டி.யை நடத்துற லிசா சூவும் ரெண்டு பேருமே தைவான்ல பிறந்தவங்க. தூரத்துச் சொந்தக்காரங்களும் கூட. அவங்க தொழில்ல போட்டி போடட்டும், அது அவங்க பிழைப்பு. அவங்களுக்காக ஒரே கோவில்ல ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிடுற நம்ம பிள்ளைங்க பேசாம இருக்கணுமா?

சரி, கார்டு எங்க தயாராகுது? என்விடியாவோட இப்போதைய 50 வரிசை, ஏ.எம்.டி.யோட 9000 வரிசை, இன்டெல்லோட ஆர்க் பி580, மூணுக்கும் சில்லைச் செஞ்சு தர்றது தைவான்ல இருக்கிற டி.எஸ்.எம்.சி. என்கிற ஒரே கம்பெனிதான். சொந்தமா தொழிற்சாலை வச்சிருக்கிற இன்டெல்கூட ஆர்க் சில்லை அங்கதான் கொடுத்துச் செய்யுது. அந்தச் சில்லை வாங்கி, விசிறி வச்சு, பெட்டியில போட்டு விக்கிறது பெரும்பாலும் வேற கம்பெனிகள். ஆசூஸ், கிகாபைட், எம்.எஸ்.ஐ. மாதிரியான கம்பெனிகள் பச்சைக் கார்டும் வித்திருக்காங்க, சிவப்புக் கார்டும் வித்திருக்காங்க.

தேயிலை மலையில பிறந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே மலையில பறிச்ச கொழுந்துதான் பேக்டரிக்குள்ள போகுது. சல்லடையில சலிச்சு இலை, உடைசல், தூள்னு தரம் பிரிக்கிறாங்க. நம்ம அப்பா அம்மா யாராவது பாக்கெட் மேல இருக்கிற படத்தைப் பார்த்துத் தேயிலை வாங்கியிருக்காங்களா? கையில கொஞ்சம் கொட்டி, தேய்ச்சு, மோந்து பார்த்துத்தான் வாங்குவாங்க. அந்தப் புத்தியை நம்ம பிள்ளைங்க கம்ப்யூட்டர் கடையிலயும் காட்டலாமே.

"நம்ம நாட்டுக்கு வேலை கொடுக்கிற கம்பெனியை ஆதரிக்கணும்"னு ஒரு தம்பி குழுவுல எழுதியிருந்தான். நல்ல எண்ணம். ஆனா கணக்கைப் பாருங்க. இன்டெல், ஏ.எம்.டி. ரெண்டுமே 1972-ல பினாங்கு பாயான் லெப்பாஸ்ல பேக்டரி தொடங்கினவை. ஏ.எம்.டி.யோட பினாங்கு பேக்டரியில 2016-லிருந்து பெரும்பங்கு சீனாவோட தோங்ஃபூ கம்பெனி கையில இருக்கு. என்விடியாவும் ஒய்.டி.எல். நிறுவனமும் சேர்ந்து ஜொகூர் கூலாய்ல ஏ.ஐ. மையம் அமைக்கப் போறதா 2023 டிசம்பர்ல அறிவிச்சாங்க. ஆக மூணு பேருக்கும் நம்ம நாட்டுல ஒரு கால் இருக்கு. அதை வச்சு ஒருத்தரை உயர்த்தி ஒருத்தரைத் தாழ்த்த முடியாது.

இப்போ குழுவுல வழக்கமா நடக்கிற சண்டைகளை ஒண்ணொண்ணா எடுத்துக்குவோம்.

"சிவப்புக் கார்டு கரண்டைக் குடிக்கும்." சில பழைய கார்டுகளுக்கு இது பொருந்தும். இப்போ நம்ம பிள்ளைங்க பேசுற விலையில இருக்கிற ரெண்டு கார்டை எடுத்துக்கங்க. என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060-க்குக் கம்பெனி சொல்ற அளவு 145 வாட். ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி. கார்டுக்கு 160 வாட். வித்தியாசம் 15 வாட். தினம் நாலு மணி நேரம், மாசம் முப்பது நாள் விளையாடினா 1.8 யூனிட். ஒரு யூனிட் 50 சென்னுன்னு வச்சுக்கிட்டாலும் மாசத்துக்கு 90 சென். ஒரு தே தாரிக்குக்குக்கூட வராத காசுக்கா இவ்வளவு சண்டை?

"ஏ.எம்.டி. டிரைவர் சரியில்லை, திரை கறுத்துப் போகும்." 2019-ல வந்த ஆர்.எக்ஸ். 5700 எக்ஸ்.டி. கார்டுல அந்தப் பிரச்சனை நிறைய பேருக்கு வந்தது உண்மை. ஆனா 2025 தொடக்கத்துல என்விடியாவோட 50 வரிசை வந்தப்பவும் திரை கறுக்குதுன்னு புகார் வந்து, அவங்களும் அவசர அவசரமா டிரைவர் திருத்தம் விட்டாங்க. ரெண்டு வீட்டுலயும் கூரை ஒழுகியிருக்கு.

"என்விடியா நேர்மையான கம்பெனி, ஏமாத்தாது." 2014-ல வந்த ஜி.டி.எக்ஸ். 970 ஞாபகம் இருக்கா? 4 ஜி.பி. மெமரின்னு விலை போட்டாங்க. அதுல கடைசி அரை ஜி.பி. மெதுவா வேலை செய்யற மாதிரி அமைப்புன்னு பின்னாடி தெரிஞ்சது. அமெரிக்காவுல வழக்குப் போட்டாங்க, 2016-ல கார்டுக்கு 30 டாலர் கொடுக்கச் சம்மதிச்சு முடிச்சாங்க. உடனே சிவப்பு அணி கைதட்ட வேண்டாம். புல்டோசர் பிராசசர்ல எத்தனை கோர் இருக்குன்னு சொன்ன விஷயத்துல ஏ.எம்.டி. மேலயும் வழக்கு வந்து, 2019-ல 1 கோடியே 21 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதிச்சாங்க. ரெண்டு பேரும் வியாபாரிகள். வியாபாரியை மதிக்கலாம், அவர்கிட்ட சாமான் வாங்கலாம். அவருக்காகக் காப்புக் கட்டி விரதம் இருக்க வேண்டியதில்லை.

"என் திரைக்குப் பச்சைதான் சரிவரும்." இதுவும் பழைய கதை. திரையும் கார்டும் ஒரே தாளத்துல ஓடறதுக்கு என்விடியா ஜி-சிங்க்னு ஒண்ணு வச்சிருந்தது, ஏ.எம்.டி. ஃப்ரீசிங்க்னு ஒண்ணு வச்சிருந்தது. 2019 ஜனவரியிலிருந்து என்விடியா கார்டுகளும் ஃப்ரீசிங்க் வகைத் திரைகள் பலதுல வேலை செய்யுது. திரையைக் காரணம் காட்டி கம்பெனி மாத்த வேண்டிய கட்டாயம் இப்போ குறைஞ்சு போச்சு.

அப்போ வித்தியாசமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. அதையும் மறைக்காம சொல்லணும். குழுவுல பச்சைக்காக வாதாடுற அண்ணன் ஒருத்தர் சொல்றதுல நியாயம் இருக்கு. அனிமேஷன், வீடியோ எடிட்டிங், ஏ.ஐ. இதெல்லாம் படிக்கப் போற பிள்ளைக்கு என்விடியா சௌகரியம். அவங்களோட கூடா என்கிற மென்பொருள் 2007-லிருந்து இருக்கு. பாடம் சொல்லித் தர்றவங்களும், பயிற்சி வீடியோ போடுறவங்களும் பெரும்பாலும் அதை வச்சுத்தான் சொல்லித் தர்றாங்க. பிளெண்டர்ல படம் ரெண்டர் பண்றப்பவும் என்விடியா வேகம் அதிகம். கேம்ல வெளிச்சம், நிழல், பிரதிபலிப்பை நிஜம் மாதிரி காட்டுற ரே டிரேசிங்லயும் பல வருஷமா அவங்கதான் முன்னாடி. குறைஞ்ச அளவுல வரைஞ்ச படத்தைப் பெருசாக்கித் தெளிவா காட்டுற வித்தையை, டி.எல்.எஸ்.எஸ்.னு சொல்வாங்க, 2018-லயே கொண்டு வந்தது அவங்கதான். ஏ.எம்.டி.யோட எஃப்.எஸ்.ஆர். 2021-லதான் வந்தது. அதோட நாலாவது பதிப்புல நல்லா முன்னேறியிருக்கு. ஆனா அதுக்கு 9000 வரிசைக் கார்டு வேணும்னு வச்சுதான் வெளியிட்டாங்க.

சிவப்பு அணி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. கொடுக்கிற காசுக்குக் கிடைக்கிற மெமரி. ஆர்.டி.எக்ஸ். 5060, 2025 மே மாசம் அமெரிக்காவுல 299 டாலருக்கு 8 ஜி.பி. மெமரியோட வந்தது. அடுத்த மாசமே ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி. 349 டாலருக்கு வந்தது. என்விடியாவுல 16 ஜி.பி. வேணும்னா 5060 டி.ஐ., அது வந்தப்ப 429 டாலர். இங்க கடையில விலை ஏறி இறங்கும். ஆனா இந்த ஏற்றத் தாழ்வு எப்படி இருக்குன்னு புரியும். வெறும் விளையாட்டுக்கு மட்டும்னா, நாலஞ்சு வருஷம் மாத்தாம ஓட்டணும்னா, மெமரி அதிகமா இருக்கிற கார்டு நமக்கு லாபம். புது கேம்கள்ல சிலதுக்கு 8 ஜி.பி. பத்தாம போகுது.

இதுல ஒரு பொறி இருக்கு, கவனமா இருங்க. 9060 எக்ஸ்.டி.யும் சரி, 5060 டி.ஐ.யும் சரி, 8 ஜி.பி., 16 ஜி.பி. ரெண்டு வகையிலயும் அதே பேருல வருது. பெட்டி மேல பெரிய எழுத்துல இருக்கிற பேரை மட்டும் பார்த்து வாங்கினா ஏமாந்துடுவோம். அந்தத் தகப்பனார் கொண்டு வந்த விலைப்பட்டியல்லயும் மெமரி எவ்வளவுன்னு எழுதவே இல்லை. நாங்க போன் போட்டுக் கேட்டப்பதான் 8 ஜி.பி.ன்னு சொன்னாங்க.

இன்டெல் ஆர்க் பத்தியும் ஒரு வார்த்தை. பி580 கார்டு 2024 டிசம்பர்ல 249 டாலருக்கு 12 ஜி.பி. மெமரியோட வந்தது. விலைக்கு நல்ல கார்டு. ஆனா ரீசைசபிள் பார் என்கிற வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டர்ல போட்டா வேகம் ரொம்பக் குறையும். அண்ணன் விட்டுட்டுப் போன பழைய மெஷின்ல போடலாம்னு நினைக்கிறவங்க முதல்ல அதை விசாரிச்சுக்கங்க.

இனி நம்ம மலைக்குன்னு சில விஷயங்கள். கோலாலம்பூர்ல லோ யாட் பிளாசாவுல கார்டு விக்கிறவங்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

நம்ம குளிர் கார்டுக்கு நல்லது. பட்டணத்துல விசிறி கத்துற அளவுக்கு இங்க கத்தாது. அதனால மூணு விசிறி வச்ச, விலை கூடின மாடலுக்கு நாம காசு கொட்ட வேண்டியதில்லை. ரெண்டு விசிறி மாடலே போதும்.

ஆனா பனியும் ஈரமும் நல்லது இல்லை. சன்னல் பக்கத்துல மெஷினை வைக்காதீங்க. சிமெண்டுத் தரையில வைக்காம ஒரு பலகை மேல வைங்க. ரொம்ப நாள் அணைச்சு வச்சா ஈரம் உள்ளே தங்கி, தூசியோட சேர்ந்து அப்பிக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து தூசி தட்டுங்க.

கரண்டு விஷயம் ரொம்ப முக்கியம். லயத்து வீடுகள்ல பல இடத்துல வயரிங் பழசு. ஒரே நீட்டு வயர்ல ரைஸ் குக்கர், தண்ணி சுட வைக்கிற கெத்தல், அதோட கம்ப்யூட்டரும்னா ஆபத்து. 5090 மாதிரி பெரிய கார்டு தனியாவே 575 வாட் வரைக்கும் இழுக்கும். அது நம்ம வீட்டுக்கான சாமான் இல்லை. மத்தியான நேரத்துல இடி இடிக்கிறது நமக்குப் பழக்கம்தான். இடி கேட்டா பிளக்கை சுவத்துலேருந்து பிடுங்கிடுங்க. பவர் சப்ளைல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க. பேரு தெரியாத மலிவு பவர் சப்ளை போச்சுன்னா பச்சையும் போகும், சிவப்பும் போகும்.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? வாங்கலாம். ஆனா நாங்களே அடிபட்டிருக்கோம். திருவிழாவை நேரலை பண்றதுக்காகக் கோவில் மண்டபத்துக்குப் பழைய கார்டு ஒண்ணு வாங்கினோம். நேர்ல பார்க்காம, படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பினோம். கிரிப்டோ காசு தோண்டுறதுக்கு இரவு பகலா ஓட்டின கார்டுன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. மூணே மாசம். திருவிழா அன்னைக்குக் காலையில நின்னு போச்சு. வெளிநாட்டுல இருந்து பார்க்கக் காத்திருந்த பக்தர்கள்கிட்ட மன்னிப்புக் கேட்டது உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கும். அதனால நேர்ல போங்க. கார்டை மெஷின்ல போட்டு அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. வாரண்டி பாக்கி இருக்கான்னு பில்லைக் கேளுங்க. காட்ட மறுக்கிறவர்கிட்ட வாங்காதீங்க.

சரி, அந்தத் தம்பி விஷயம் என்ன ஆச்சு?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்க மூணு பேர் அவங்க வீட்டுக்குப் போனோம். முதல்ல மன்னிப்புக் கேட்டோம். தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டு "பரவாயில்லைண்ணே"ன்னு சொன்னான். அப்புறம் அவன் மெஷினைத் திறந்து பார்த்தோம். அவன் வாங்கியிருந்தது ஆர்.எக்ஸ். 6600. 2021-ல வந்த கார்டு, 8 ஜி.பி. மெமரி, 132 வாட். வீட்டுல இருக்கிற திரை சாதாரண முழு எச்.டி., 60 ஹெர்ட்ஸ். அதாவது வினாடிக்கு அறுபது படத்துக்கு மேல அந்தத் திரையால காட்டவே முடியாது. அவன் அதிகமா விளையாடுறது வலோரண்ட், டோட்டா. வலோரண்டுக்கு 2016-ல வந்த ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ. மாதிரி கார்டே தாராளம். அவன் கார்டு அதைவிடப் பல மடங்கு வேகம். எந்தக் குறையும் இல்லாம ஓடுது. பிளெண்டரும் அதுல ஓடும், ஓட்டியே காட்டினோம். நாலாயிரம் வெள்ளி கொடுத்துப் புதுக் கார்டு மாட்டினாலும் அந்தத் திரையில அவனுக்குப் பெருசா எதுவும் மாறியிருக்காது. மாறியிருக்கக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான், குழுவுல அவனுக்குக் கிடைக்கிற மரியாதை.

நாலாயிரம் வெள்ளின்னா என்னன்னு யோசிங்க. நாட்டோட குறைஞ்சபட்சச் சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. ரெண்டு மாசச் சம்பளத்துக்கும் மேல. பனியில நனைஞ்சு, சரிவுல நின்னு, முதுகுல சுமந்து சம்பாதிச்ச காசு. அதைக் கொடுத்து நாலு பசங்களோட வாயை மூட வைக்கணுமா? அந்த வாயை நாங்களே மூடியிருக்கலாமே. அதுக்கு ஒரு சென் செலவில்லை.

சங்கிலி வீட்டுலயே இருக்கு. தம்பி காசு சேர்த்து அடுத்து நல்ல திரை ஒண்ணு வாங்கப் போறான், அதுவும் சொந்தக் காசுல. இப்போ அன்னதான வேலைக்கும் வந்துட்டான்.

இதே மாசத்துல இன்னொரு வீட்டுல ஒரு தங்கச்சி. எஸ்.பி.எம். முடிச்சு அனிமேஷன் படிக்கப் போகுது. வீட்டுல கம்ப்யூட்டரே இல்லை. அந்தப் பிள்ளைக்கு நாங்க என்விடியா கார்டுதான் வாங்கச் சொன்னோம். 12 ஜி.பி. மெமரி இருக்கிற ஆர்.டி.எக்ஸ். 3060. 2021-ல வந்த பழைய மாடல்தான், ஆனா படிப்புக்குத் தேவையான மெமரியும் மென்பொருளும் இருக்கு, விலையும் அடக்கம். அதுலயும் 8 ஜி.பி. வகை ஒண்ணு இருக்கு, அதை வாங்கிடக் கூடாதுன்னு கடைக்குக் கூடவே போனோம். அந்த அண்ணன் வந்து உதவினார், குழுவுல பச்சைக்காக வாதாடுறவர். அந்த அறிவை வச்சு ஒரு பிள்ளைக்கு வழி காட்டினா அதுவும் ஒரு சேவைதான்.

ஒரு வீட்டுல சிவப்பு சரி, இன்னொரு வீட்டுல பச்சை சரி. நாங்க சொல்ல வந்தது இதுதான்.

சில பெரியவங்க "விளையாட்டுக்கு எதுக்கு இவ்வளவு செலவு, ஒண்ணுமே வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே"ன்னு கேட்பீங்க. நாங்க அப்படி நினைக்கலை. மலையில பொழுதுபோக்குக்கு என்ன இருக்கு? சாயங்காலம் போனா இருட்டும் பனியும் இறங்கிடுது. வீட்டுக்குள்ள இருந்து நண்பர்களோட விளையாடுற பிள்ளை எங்கயோ ரோட்டுல நிக்கிறதை விட மேல். அந்த மெஷின்லயே படிக்கவும் தொழில் கத்துக்கவும் முடியும். வேண்டாம்னு ஒரேயடியா சொன்னா பிள்ளை நம்மகிட்ட கேட்காம, "இப்போ வாங்கு, அப்புறம் கட்டு"ன்னு போன்ல வர்ற தவணைத் திட்டத்துல போய் மாட்டும். கூட உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறதுதான் நல்லது.

அதனால எங்க வேண்டுகோள் மூணு.

பெற்றோர்களுக்கு: பிள்ளை விலைப்பட்டியலோட வந்தா நாலு கேள்வி கேளுங்க. நம்ம திரை என்ன? எந்த கேம் விளையாடப் போற, படிப்புக்கும் வேணுமா? மெமரி எத்தனை ஜி.பி.? இப்போ இருக்கிற பவர் சப்ளை தாங்குமா? நாலுக்கும் பதில் வந்த பிறகு விலையை ஒப்பிடுங்க. கம்பெனி பேரைக் கடைசியா கேளுங்க. பதில் வரலைன்னா சங்கிலியைக் கழட்டாதீங்க, அந்தத் தாளை எங்ககிட்ட கொண்டு வாங்க. வெள்ளிக்கிழமை பூஜைக்கப்புறம் மண்டபத்துல இருப்போம். இலவசம்தான். நாங்க யாருக்கும் கார்டு விக்கிறதில்லை, கடைக்காரங்ககிட்ட கமிஷனும் வாங்குறதில்லை.

தம்பி தங்கச்சிகளுக்கு: பேசுங்க, வாதாடுங்க, எந்தக் கார்டு வேகம்னு சோதிச்சுப் பாருங்க. நல்ல விஷயம்தான். ஆனா இன்னொருத்தன் சொந்த உழைப்புல வாங்கின சாமானைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அவனோட வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாது.

எங்களுக்கு நாங்களே சொல்லிக்கிறது: இளைஞர் குழுவுல இனிமே யாராவது யாரையாவது இப்படிக் கேலி பண்ணினா முதல்ல பேசப் போறது நாங்கதான். அன்னைக்குச் சிரிச்சதுக்கு அந்தத் தம்பிகிட்ட நேர்லயே மன்னிப்புக் கேட்டுட்டோம். அதே குழுவுலயும் எல்லாருக்கும் முன்னாடி கேட்டுட்டோம். அவனைத் திரும்பவும் குழுவுல சேர்த்தாச்சு.

இந்த வெள்ளிக்கிழமை பொங்கல் பிரசாதம் உபயம் ஒரு குடும்பத்தார் ஏத்துக்கிட்டிருக்காங்க. வாழை இலை வெட்ட ரெண்டு பேர் தேவை. கார்டு பத்திச் சந்தேகம் இருக்கிறவங்க இலை வெட்ட வாங்க, வெட்டிக்கிட்டே பேசுவோம்.



கோவில் தொண்டர் குழு